படுக்கைப்புண்ணை ஆற்றுமா பிசியோதெரபி? மின் தூண்டல் முதல் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது வரை

ஹைதராபாத்: பக்கவாதம், தண்டுவடக் காயம், இடுப்பு எலும்பு முறிவு என ஏதோ ஒரு காரணத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரும் குடும்பத்தினர், மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்திக் கொள்கின்றனர். நோயாளியின் முதுகின் அடிப்பகுதியைத் தினமும் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. சில வாரங்களில் அங்கு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கருமை படர்கிறது. பின்னர் தோல் உரிகிறது, நீர் கசிகிறது, வாடை வீசுகிறது. ‘மெஷின் வைத்தால் புண் ஆறிவிடுமாமே’ என்ற கேள்வியுடன் பிசியோதெரபிஸ்டைத் தேடி அலைவது இந்தக் கட்டத்தில்தான்.

அக்கேள்விக்கு மருத்துவ ஆய்வுகள் தரும் விடை ஓரளவு தெளிவானது. இயன்முறை மருத்துவத்தில் பயன்படுத்தப்படும் கருவிகளுள், அழுத்தப்புண்ணை ஆற்ற உதவுகிறது என்பதற்கு ஓரளவு வலுவான சான்று பெற்றது மின் தூண்டல் சிகிச்சை ஒன்றே. மீயொலி, லேசர் ஆகியவற்றுக்கு அத்தகைய சான்று இல்லை. எந்தக் கருவியாக இருந்தாலும், புண்ணின் மீது உடல் எடை அழுந்திக் கொண்டிருக்கும் வரை அதனால் பயன் கிட்டாது.

பெயரிலேயே ஒரு சிக்கல்

தமிழில் ‘படுக்கைப்புண்’ என்கிறோம். ஹைதராபாத் மருத்துவமனைகளில் ‘படக புண்ட்லு’ என்ற தெலுங்குச் சொல்லைக் கேட்கலாம். இரு சொற்களும் பழியைப் படுக்கையின் மீது சுமத்துகின்றன. ஆனால் சக்கர நாற்காலியில் நாள் முழுதும் அமர்ந்து வேலைக்குச் செல்பவருக்கும் இப்புண் வருகிறது. அவருக்கு அது வருவது உட்காரும் எலும்பின் மேல். மூக்கில் பொருத்தப்பட்ட பிராணவாயுக் குழாய் அழுத்தும் காது மடலிலும், இறுக்கமான மாவுக்கட்டின் அடியிலும்கூட வருகிறது. எனவேதான் மருத்துவ நூல்கள் ‘அழுத்தப்புண்’ என்ற சொல்லை விரும்புகின்றன. அமெரிக்காவின் தேசிய ஆலோசனைக் குழு 2016-ஆம் ஆண்டு ஒரு படி மேலே சென்று, ‘புண்’ என்பதை நீக்கிவிட்டு ‘அழுத்தக் காயம்’ என்று பெயர் மாற்றியது. தோல் திறப்பதற்கு முன்பே சேதம் தொடங்கிவிடுகிறது என்பதே அதற்குக் காரணம். மொழிபெயர்ப்பாளருக்கு இது தலைவலி என்றாலும், நோயாளியைப் பராமரிப்பவருக்குப் பயனுள்ள திருத்தம். படுக்கைதான் காரணம் என்று நம்புபவர் மெத்தையை மாற்றுவார். அழுத்தம்தான் காரணம் என்று அறிந்தவர் நோயாளியைத் திருப்புவார்.

புண் எவ்வாறு உருவாகிறது?

தோலுக்கும் தசைக்கும் உணவும் பிராணவாயுவும் கொண்டு செல்லும் நுண்குழல்களில் இரத்தத்தின் அழுத்தம் மிகவும் குறைவு. 1930-ஆம் ஆண்டு யூஜின் லாண்டிஸ் என்ற ஆய்வாளர் விரல் நகக்கண்ணில் அதை அளந்தபோது, தமனிப் பக்க முனையில் சராசரியாக 32 மி.மீ. பாதரச அளவு இருந்தது. கடினமான பலகையில் அசையாமல் அமர்ந்திருப்பவரின் உட்காரும் எலும்பின் கீழே இதைப்போல் பல மடங்கு அழுத்தம் ஏற்படுகிறது. நலமாக உள்ள நாம் அறியாமலேயே சில நிமிடங்களுக்கு ஒருமுறை அசைந்து கொள்கிறோம்; உறக்கத்திலும் புரள்கிறோம். உணர்ச்சி அற்றுப் போனவருக்கு அந்த அறிவிப்பு மூளைக்கு எட்டுவதில்லை. உணர்ச்சி இருந்தும் புரள வலுவில்லாத முதியவருக்கு, எட்டிய அறிவிப்பினால் பயனில்லை.

மைக்கேல் கோசியாக் 1959-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, அழுத்தத்தின் அளவு மட்டுமன்றி அது நீடிக்கும் நேரமும் முக்கியம் என்பதைக் காட்டியது. அதிக அழுத்தம் குறைந்த நேரத்திலும், குறைந்த அழுத்தம் நீண்ட நேரத்திலும் ஒரே வகையான சேதத்தை உண்டாக்குகின்றன. அத்துடன் சறுக்கலும் சேர்ந்து கொள்கிறது. தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்த்து வைக்கப்பட்ட நோயாளி மெல்லக் கீழே சரியும்போது, தோல் விரிப்பில் ஒட்டி நிற்க, எலும்பும் தசையும் நழுவுகின்றன. இடையில் உள்ள இரத்தக் குழாய்கள் இழுபட்டு மடங்குகின்றன. வேர்வை, சிறுநீர், மலம் ஆகியவற்றின் ஈரம் தோலை ஊற வைத்து இளக்கிவிடுகிறது.

தோலைவிடத் தசை விரைவில் மடிவது இந்நோயின் வஞ்சகம். கறையான் அரித்த கதவைப் போல வெளியே சிறு துளை மட்டுமே தெரிய, உள்ளே எலும்பு வரை குழிந்திருக்கலாம். தோல் கிழியாமல் நிறம் மாறியிருப்பது முதல் நிலை. மேல்தோல் இழந்திருப்பது இரண்டாம் நிலை. கொழுப்பு தெரிவது மூன்றாம் நிலை. தசை, தசைநாண் அல்லது எலும்பு வெளிப்படுவது நான்காம் நிலை. முதல் நிலைக்கு அடையாளமாகப் பாடநூல்கள் கூறும் ‘சிவத்தல்’ வெண்ணிறத் தோலை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. நம்மவரின் மாநிறத் தோலில் அது கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். சுற்றுப்புறத்தைவிட அவ்விடம் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி.

இரண்டு மணி நேரக் கணக்கு

தண்டுவடம் முறிந்தவர்களை அழுத்தப்புண்ணும் சிறுநீரகத் தொற்றும் கொன்றுவிடும் என்பது இரண்டாம் உலகப் போருக்கு முன்பு வரை மருத்துவர்களே ஏற்றுக்கொண்டிருந்த விதி. 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன் அதை ஏற்கவில்லை. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த நரம்பியல் அறுவை மருத்துவரான அவர், ஒவ்வொரு நோயாளியையும் இரவும் பகலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். உத்தரவு நிறைவேறுகிறதா என்று இரவு நேரங்களில் தாமே வந்து பார்த்தார். புண்கள் ஆறின. படுக்கையிலிருந்து எழுந்தவர்களுக்காக 1948-ஆம் ஆண்டு அவர் தொடங்கிய விளையாட்டுப் போட்டியே பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது.

தமிழ்நாட்டில் இம்மருத்துவத்தின் வரலாறு வேலூரில் தொடங்குகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-ஆம் ஆண்டு நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த அவர், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-ஆம் ஆண்டு வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணமாக இருந்தார். அவருடன் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களில் புண் வருவது கிருமியால் அன்று, வலி தெரியாத காலில் தொடர்ந்து விழும் அழுத்தத்தால்தான் என்பதை அதே வேலூரில் எடுத்துக்காட்டியவர். பாதப் புண்ணும் முதுகுப் புண்ணும் ஒரே கணக்கில் அடங்குபவை.

தென்காசி மாவட்டம் ஆய்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கமும் இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கது. 1975-ஆம் ஆண்டு கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-ஆம் ஆண்டு அதனைத் தொடங்கினார். தண்டுவடக் காயமடைந்தோருக்கான மறுவாழ்வுப் பயிற்சி அதன் பணிகளுள் ஒன்று.

மின் தூண்டல்: சான்று என்ன சொல்கிறது?

தோலுக்கு இயல்பாகவே மின்னழுத்தம் உண்டு. மேற்பரப்புக்கும் உட்பகுதிக்கும் இடையே சில பத்து மில்லிவோல்ட் வேறுபாடு இருக்கும். தோல் கிழிந்தால் அவ்விடத்தில் மிக நுண்ணிய மின்னோட்டம் பாய்கிறது. ஜெர்மன் உடலியல் அறிஞர் எமில் டு பாய்ஸ்-ரேமண்ட் 1843-ஆம் ஆண்டிலேயே தம் விரலில் ஏற்பட்ட வெட்டில் இதனை அளந்தார். புண்ணை மூட வரும் செல்கள் இந்த மின்புலத்தின் திசையறிந்து நகர்கின்றன. நாள்பட்ட புண்ணில் இம்மின்னோட்டம் மங்கிவிடுவதால், வெளியிலிருந்து சிறிய துடிப்புகளாக அதைக் கொடுத்துத் தேங்கி நின்ற ஆறுதலை மீண்டும் தொடங்கி வைப்பதே மின் தூண்டலின் அடிப்படை.

உப்புநீரில் நனைத்த துணிப்பட்டையைப் புண்ணின் மீது வைத்து, அதனுடன் ஒரு மின்முனை இணைக்கப்படுகிறது. மற்றொரு முனை சற்றுத் தள்ளி நல்ல தோலில் ஒட்டப்படுகிறது. லூதர் க்ளோத், ஜெஃப்ரி ஃபீடர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1988-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நான்காம் நிலைப் புண் உள்ள 16 பேர் இடம்பெற்றனர். நாளொன்றுக்கு 45 நிமிடம், வாரத்துக்கு 5 நாள் எனச் சிகிச்சை பெற்ற 9 பேரின் புண்களும் சராசரியாக 7 வாரங்களில் மூடின. கருவியை வைத்தும் மின்சாரம் செலுத்தப்படாத 7 பேரின் புண்கள் ஏறத்தாழ அதே காலத்தில் பெரிதாயின. 16 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. எனவே இதை மட்டும் வைத்து முடிவெடுத்துவிட இயலாது.

அதன் பின்னர் பல ஆய்வுகள் வந்துவிட்டன. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், மின் தூண்டலைத் துணைச் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, மின் தூண்டல் ஆறும் புண்களின் விகிதத்தை அனேகமாக உயர்த்துகிறது என்று கூறியது. முழுமையாக ஆற எடுக்கும் காலம் குறைகிறதா என்பதில் அவ்வறிக்கை உறுதி தரவில்லை. மூப்பால் நலிந்தவர்களுக்குத் தோல் எரிச்சல் போன்ற பக்க விளைவுகள் கூடுதலாகக் காணப்படுகின்றன. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, வழக்கமான புண் பராமரிப்பில் 30 நாள்கள் முன்னேற்றம் காணாத மூன்றாம், நான்காம் நிலைப் புண்களுக்கு மட்டுமே இச்சிகிச்சைக்குப் பணம் தருகிறது. அதுவும் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ செய்தால்தான். மேற்பார்வையின்றி வீட்டில் செய்து கொள்வதற்குக் கிடையாது. இந்த வரம்பு நமக்கும் பொருந்தும். வலிக்கென வீட்டில் வாங்கி வைத்திருக்கும் டென்ஸ் கருவியைப் புண்ணில் ஒட்டிப் பார்ப்பது விபரீதத்தில் முடியலாம்.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்களுக்கும், புண் உள்ள இடத்தில் புற்றுநோய் இருப்பவர்களுக்கும், சிகிச்சை பெறாத எலும்புத் தொற்று உள்ளவர்களுக்கும் மின் தூண்டல் கூடாது. வெள்ளி அல்லது அயோடின் கலந்த மருந்துகளின் எச்சம் புண்ணில் இருந்தால், முதலில் அதைக் கழுவி அகற்ற வேண்டும்.

மற்றக் கருவிகள்

மீயொலிச் சிகிச்சை, அதாவது பிசியோதெரபி நிலையங்களில் பரவலாக உள்ள அல்ட்ராசவுண்ட், அழுத்தப்புண்ணை ஆற்றுகிறது என்பதற்குக் காக்ரேன் மதிப்பீட்டில் சான்று கிடைக்கவில்லை. குறைந்த அதிர்வெண் மீயொலியைக் கொண்டு இறந்த திசுவை அகற்றுவது வேறு சிகிச்சை; அதற்குத் தனிக் கருவி தேவை. புற ஊதாக் கதிரும் மீயொலியும் இணைந்தபோது தண்டுவட நோயாளிகளுக்கு லேசரைவிட விரைவில் பலன் கிடைத்ததாக 1994-ஆம் ஆண்டு கனடாவில் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு சிறு ஆய்வின் மேல் பெரிய நம்பிக்கை வைக்க இயலாது.

சுழல்நீர்த் தொட்டியில் நோயாளியை இறக்கிப் புண்ணைக் கழுவும் பழைய முறை கைவிடப்பட்டு வருகிறது. ஒருவரின் கிருமி மற்றவருக்குத் தொற்றுவதே அதற்குக் காரணம். அகச்சிவப்பு விளக்கு வைத்துப் புண்ணைக் ‘காய வைக்கும்’ பழக்கத்தை இனியேனும் விட்டுவிடுவது நல்லது. உணர்ச்சியற்ற தோல் வெந்தாலும் நோயாளிக்குத் தெரியாது. தவிரவும், புண் ஆற வேண்டுமானால் அதன் அடித்தளம் ஈரமாக இருக்க வேண்டும். உலர்ந்த பரப்பில் புதிய செல்கள் நகர்வதில்லை.

எதிர்மறை அழுத்தச் சிகிச்சை எனப்படும் ‘வேக்’ முறை பெரும்பாலும் அறுவை மருத்துவரின் பொறுப்பில் உள்ளது. புண்ணில் பஞ்சு நுரையைப் பொருத்தி, மேலே ஒட்டுப்படலம் இட்டு, பம்பு மூலம் வழக்கமாக 125 மி.மீ. பாதரச அளவுக்கு உறிஞ்சப்படுகிறது. ஆழமான, கசிவு மிகுந்த புண்களில் குழியைச் சுருக்கவும், தோல் ஒட்டு அறுவைக்கு ஆயத்தப்படுத்தவும் இது பயன்படுகிறது. கரும்பொருக்கு நீக்கப்படாத புண்ணில் இதைப் பொருத்தக்கூடாது.

பிசியோதெரபிஸ்டின் உண்மையான வேலை

கருவியுடன் வருபவரைவிட, ‘நோயாளியை எப்படித் திருப்புகிறீர்கள், காட்டுங்கள்’ என்று கேட்பவரே நல்ல பிசியோதெரபிஸ்ட் எனத் துணிந்து சொல்லலாம். படுக்கையில் ஒருவரை முழுப் பக்கவாட்டில் 90 டிகிரி திருப்பி வைத்தால் அழுத்தம் இடுப்பின் பக்க எலும்புக்கு மாறுகிறதே தவிர நீங்குவதில்லை. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி மட்டும் சாய்த்தால், எடை பிட்டத்தின் சதைப் பகுதியில் விழுகிறது. கெண்டைக்கால்களின் கீழே தலையணை வைத்துக் குதிகால்கள் மெத்தையில் படாமல் அந்தரத்தில் இருக்கச் செய்ய வேண்டும். உணவூட்டும் நேரம் தவிர, தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயராமல் இருப்பது நலம். மேலே ஏற்றிப் படுக்க வைக்கும்போது அக்குளில் கைவிட்டு இழுக்காமல், இருவர் நின்று அடிவிரிப்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். ஒரே ஆள் பார்த்துக் கொள்ளும் வீட்டில் இது இயலாது என்பது உண்மை. விரிப்பின் அடியில் வழுவழுப்பான நைலான் துணியை மடித்துப் போட்டு நகர்த்தும் உத்தி அத்தகைய வீடுகளுக்கு உதவும்.

சக்கர நாற்காலியில் இருப்போருக்குக் கற்றுத் தரப்படும் பயிற்சி வேறு. கைகளை ஊன்றி உடலைச் சில நொடிகள் தூக்கி இறக்கினால் போதும் என்றே நெடுங்காலம் சொல்லித் தரப்பட்டது. பிரிட்டனில் 2003-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அழுந்திய திசுவில் பிராணவாயு பழைய நிலைக்குத் திரும்பச் சராசரியாக 1 நிமிடம் 51 விநாடி தேவைப்பட்டது. அவ்வளவு நேரம் கைகளில் தாங்கி நிற்க எவராலும் முடியாது, தோள்மூட்டும் தேய்ந்துவிடும். எனவே மேசை மீது முன்னோக்கிக் குனிந்தோ, ஒரு பக்கமாகச் சாய்ந்தோ 2 நிமிடம் இருப்பதே இப்போது கற்றுத் தரப்படுகிறது. பிட்டத்தில் ஏற்கெனவே புண் இருந்தால் உட்காரும் நேரத்தையே குறைத்தாக வேண்டும்.

மடங்கி இறுகிப் போன முழங்கால்களும் இடுப்பும் ஒருவரை ஒரே கோணத்தில் சிறைப்படுத்திவிடுகின்றன. தினமும் மூட்டுகளை அசைத்துக் கொடுக்கும் பயிற்சி புண்ணை நேரடியாக ஆற்றாது; ஆனால் நோயாளியைத் திருப்பக் கூடிய நிலையில் வைத்திருப்பது அதுவே. தசை இறுக்கத்தால் கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும் நோயாளிக்கு, உராய்வாலேயே குதிகாலில் புண் வரும்.

ஏர் பெட், வாட்டர் பெட் ஆகியவை திருப்பும் வேலைக்கு மாற்று ஆகா. ஏர் பெட்டின் அடியில் உள்ளங்கையை நுழைத்து, நோயாளியின் எலும்பு கையில் தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டினால் காற்று போதவில்லை. நடுவில் துளையுள்ள வளைய வடிவ டியூப் மெத்தையை மருந்துக்கடைகள் இன்னும் விற்கின்றன. அது துளையின் விளிம்பில் இரத்த ஓட்டத்தைத் தடுத்துப் புண்ணை மோசமாக்கும் என்பதால் வழிகாட்டுதல்கள் அதனைத் தவிர்க்கச் சொல்கின்றன. கருத்த இடத்தை எண்ணெய் தடவி அழுத்தித் தேய்ப்பதும் அவ்வாறே. அன்பினால் செய்யப்படும் அந்தத் தேய்ப்பு, ஏற்கெனவே நசுங்கிய நுண்குழல்களைக் கிழித்துவிடும்.

சமையலறையின் பங்கு

புரதம் இல்லாமல் சதை வளராது. 2019-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல், ஊட்டக்குறைவுள்ள நோயாளிகளுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் தேவை என்கிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 63 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதமே உள்ளது. கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் ஊட்டப்படும் ஒருவரின் புண் ஆறாமல் இருப்பதில் வியப்பில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்த அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

உயிருக்கு ஆபத்து எப்போது?

‘சூப்பர்மேன்’ திரைப்பட நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995-ஆம் ஆண்டு குதிரையிலிருந்து விழுந்து செயலிழந்தவர். அழுத்தப்புண் தொற்றுக்குச் சிகிச்சை பெற்று வந்த நிலையில், 2004-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இதயத்துடிப்பு நின்று உயிரிழந்தார். செலவுக்குக் குறைவில்லாத ஒருவருக்கு நேர்ந்தது அது. வங்கதேசத்தில் வலேரி டெய்லர் என்ற பிசியோதெரபிஸ்ட் 1979-ஆம் ஆண்டு தொடங்கிய மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பியோரைப் பின்தொடர்ந்த ஆய்வு, சக்கர நாற்காலியைச் சார்ந்திருந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இரண்டே ஆண்டுகளில் இறந்ததைக் கண்டறிந்தது. பெரும்பாலான மரணங்களுக்கு அழுத்தப்புண்ணால் வந்த இரத்தத் தொற்று காரணமாக இருந்தது.

காய்ச்சல், குளிர் நடுக்கம், திடீர்க் குழப்பம், புண்ணைச் சுற்றிப் பரவும் வீக்கம், கெட்ட வாடையுடன் சீழ், புண்ணின் அடியில் எலும்பு தட்டுப்படுதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், அடுத்த பிசியோதெரபி நாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எங்கு உதவி கிடைக்கும்?

ஹைதராபாத் பஞ்சகுட்டாவில் உள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் (நிம்ஸ்) இயன்முறை மருத்துவப் பிரிவும், அதற்கான கல்லூரியும் இயங்குகின்றன. எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனையில் நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவு உள்ளது. தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், படுத்த படுக்கையாக உள்ளோருக்கு இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சேவையும் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்து கொள்ளலாம்.

சிகிச்சை பலன் தருகிறதா என்பதை வீட்டிலேயே கண்டறியலாம். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நிலையில் படுக்க வைத்து, காகித அளவுகோலால் புண்ணின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து தேதியுடன் குறித்து வைக்க வேண்டும். அளவுகோலைப் புண்ணின் அருகில் வைத்து ஒரு படமும் எடுத்துக் கொள்ளலாம். இரண்டு வாரங்களில் சிறிதளவேனும் முன்னேற்றம் தென்படாவிட்டால், அதே சிகிச்சையைத் தொடர்ந்து பணம் செலுத்திக் கொண்டிராமல், அந்தக் குறிப்பேட்டுடன் மருத்துவரைச் சந்திக்க வேண்டும்.